பல் உடைந்த கேசட்

“யாருய்யா அன்பே? முப்பது வருஷத்துல என் புருஷன் ஒருநாள்கூட என்னை அன்பேன்னு கூப்பிட்டதில்ல!” சௌபாக்கியம் போட்ட சத்தத்தில் பல்லாவரம் நாலாவது தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“சட்டம்மா. பதிவான குரல் எதுலயும் வசவு இருக்கக்கூடாது,” என்றான் குரல் திருத்தும் ஆபீசர் இனியன்.

செத்துப்போனவர் செல்போனில் பேசிவைத்த “மூதேவி” எல்லாம் போன வருஷமே “அன்பே” ஆகிவிட்டது. அவளுக்கு மிஞ்சியது ஒரு தொண்ணூறு நிமிஷக் கேசட்தான்.

“ஆன்சரிங் மெஷின்ல போடற குட்டிக் கேசட்டையே திருத்தியாச்சு. இது என்ன பிரமாதம்?” என்று அதை வாங்கித் தன் மெஷினில் போட்டான். பதிவு செய்யும் சிவப்புப் பட்டன் அமுங்கவே இல்லை.

“எப்படி அமுங்கும்? மேல இருந்த ரெண்டு பிளாஸ்டிக் பல்லையும் நேத்தே உடைச்சுட்டேன். இனிமே இதுல யாரும் எதையும் ஏத்த முடியாது தம்பி, கேக்கத்தான் முடியும்.” பக்கத்துப் பட்டனை அவளே தட்டினாள்.

“மூதேவி, காபி ஆறுது பாரு!” என்றது கேசட். சௌபாக்கியத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அந்தப் பல் இருந்த ஓட்டையில் துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். வீட்டுக்கு நாலு கேசட் ஒளித்து வைத்திருக்கும் அந்தத் தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. அடுத்த வீட்டுச் சாம்பாரில் உப்புக் கூடினால்கூட ஊருக்குச் சொல்கிற ஜனம், அன்றைக்கு ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே! ‘திருத்த இயலாது’ என்று எழுதிவிட்டுப் போனான் இனியன்.

அடுத்த தையில் எதிர்வீட்டுச் சங்கமித்திரையைக் கட்டிக்கொண்டு அவன் கோவைக்குப் போய்விட்டான். அவள் அவனைத் திட்டுவது ஒரு கேசட் நிறைய இருக்கிறதாம். அதன் பல்லை உடைத்தது அவனேதானாம்.