இருபதாவது சுவர்க்கோழி

இருபதாவது சுவர்க்கோழியை ஆராய்ச்சிக்காரம்மா மேசையின் நடுவில் விட்டபோது எனக்குத் தொண்டை அரிக்க ஆரம்பித்தது.

விரல் நகம் அளவுதான் இருக்கும். பெண் பூச்சி. அது பிறந்த மலையில் சுவரும் இல்லை, கோழியும் இல்லை. பெயர் மட்டும் சுவர்க்கோழி.

மேசையின் இரண்டு ஓரத்திலும் சின்ன ஸ்பீக்கர்கள். ஒன்றில் மலைச் சுவர்க்கோழி ஆணின் பாட்டு. மற்றதில் ஆற்றுக்கு அக்கரையில், சமவெளியில் வாழும் ஆணின் பாட்டு. பெண் எதைத் தேடிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

சுவரில் அந்த அம்மா ஒரு மரப்படம் ஒட்டியிருந்தார். இலை இல்லை, பூ இல்லை, வெறும் கோடுகள். மரபணுவைப் படித்து, யாருக்கு யார் எத்தனை விட்ட உறவு என்று போட்ட வம்ச மரம். அதன் கடைசிக் கிளை இரண்டாகப் பிரிந்திருந்தது.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே குடும்பமாம். நடுவில் ஆறு புகுந்து பாகம் பிரித்துவிட்டது. இக்கரைக்கு ஒரு பாட்டு, அக்கரைக்கு ஒரு பாட்டு என்று ஆகிப் பல்லாயிரம் வருஷம் ஆயிற்றாம்.

கோடு போட்டால் மட்டும் போதாது என்று அரசாங்கக் குழு சொல்லிவிட்டது. இரண்டு பக்கத்துக்கும் கொள்வினை கொடுப்பினை அற்றுப்போனதைக் கண்ணெதிரே காட்ட வேண்டும். இருபதில் பதினெட்டு தன் பாட்டுக்கே போனால், இது உலகத்தில் வேறெங்கும் இல்லாத தனி இனம். மலையை யாரும் தொட முடியாது. ஒன்று குறைந்தாலும் அடுத்த மாதம் மலை ஜல்லியாகிவிடும்.

பத்தொன்பது முடிந்திருந்தது. பதினேழு சரி. இரண்டு தடம் மாறிவிட்டன.

நான் ஜல்லிக் கம்பெனியின் ஆள். இருபத்திரண்டு வருஷமாக அந்த மலையில் வெடி வைக்கிறவன். பாதி மலை என் கையால்தான் போயிற்று. மிச்சப் பாதிக்குத்தான் இந்த மேசை.

கம்பெனி சார்பில் ஒரு சாட்சி உட்கார வேண்டும் என்பது விதி. மேனேஜர் என்னை அனுப்பியது என் அறிவுக்காக அல்ல, இருமலுக்காக. பாறைத் தூசி தின்று வளர்ந்த இருமல். நான் இருமினால் பக்கத்து ஷெட்டில் டீ சிந்தும்.

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். நெருக்கடியான நேரத்துல வழக்கம்போல ஒரு தடவ இருமு, போதும். பூச்சி பயந்து எங்கயாவது ஓடிடும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜன்னலோரம், கண்ணாடி மூடிக்குள் ஒரு பழைய தீப்பெட்டி இருந்தது. முதல் பூச்சி அதில்தான் தபாலில் வந்ததாம், அனுப்பியவர் பெயர் இல்லாமல். மேலே பென்சிலால் கொட்டை எழுத்தில், மலையின் பெயர். அதன் கீழே, ‘இங்க இது வேற மாதிரி பாடுது. யாராவது வந்து கேளுங்க.’ காலையில் அந்த அம்மா அதைப் பெருமையாகக் காட்டினார். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

பூச்சி அசைந்தது. சமவெளிப் பாட்டின் பக்கம் இரண்டு எட்டு வைத்தது.

ஆராய்ச்சிக்காரம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஆறு வருஷ உழைப்பு.

பூச்சி நின்றது. முன்னங்காலைத் தூக்கியது. அதற்குக் காது அங்கேதான் இருக்கிறதாம், முட்டிக்குக் கீழே. காலைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு இருமல் நெஞ்சிலிருந்து கிளம்பிவிட்டது. நடிப்பு இல்லை, அசல் இருமல். விட்டால் வேலை நிலைக்கும்.

தோள் துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. முதுகு தூக்கித் தூக்கிப் போட்டது. நாற்காலி கிறீச்சிடக் கூடாதே என்று பாதியில் எழுந்து, எழுந்தபடியே நின்றேன்.

பூச்சி திரும்பியது. ஒரு தடவைகூட நிற்காமல் மறு ஓரத்துக்கு நடந்துபோய், மலைப் பாட்டு வரும் ஸ்பீக்கரின் வலைமேல் ஏறி உட்கார்ந்தது.

“பதினெட்டு” என்றார் அந்த அம்மா.

நான் இருமினேன். மேசை அதிர, ஜன்னல் அதிர, இருபத்திரண்டு வருஷத்துத் தூசிக்கும் சேர்த்து இருமினேன். என் மகள் பாஸான அன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

போனில் மேனேஜர் கேட்டிருந்தார், ‘இருமினியா?’

‘இருமினேன் சார். நல்லாவே’ என்று பதில் போட்டேன்.

சாட்சிப் படிவத்தில் ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று கைப்பட எழுத வேண்டும். வெடி வைக்கிற இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் பாறையில் எழுதிக் காட்டிப் பழகிய கை. எனக்குச் சின்னதாக எழுத வராது.

அந்த அம்மா அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு எழுந்துபோய்த் தீப்பெட்டியை எடுத்துவந்து, என் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் ஒரே கொட்டை எழுத்து. என்னை நிமிர்ந்து பார்த்தார். நானாகத்தான் சொன்னேன்.

“விசில் ஊதி எல்லாரும் ஒதுங்கினதும் ஒரு நிமிஷம் மலை சும்மா இருக்கும்மா. அப்பதான் இதுங்க பாடும். அப்புறம் நான் பட்டன அழுத்துவேன்.”

அவர் இன்னொரு தாளை எடுத்தார். புது இனத்தைப் பதிவு செய்யும் தாள். ‘முதலில் கண்டவர்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று இருந்ததை அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

“அண்ணா, உங்க வேலை போயிடுமே?”

“போனா போகட்டும்மா. கூடவே இருமலும் போயிடும்னு வீட்ல சொல்றாங்க.”

பேனாவை வாங்கி என் பெயரை எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை. கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. பரவாயில்லை என்றார்.