ரத்து செய்யச் சம்மதமா?

"எங்க பையன ஒரு வார்த்த கேக்காம டிக்கெட்ட ரத்து பண்ண முடியாதும்மா," என்றார் லியாவ். பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் டிக்கெட் வேலை பார்த்த யிலிங்குக்குக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. அவர்கள் போகவிருந்த தீவில் எரிமலை புகையத் தொடங்கியதும், யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அரசாங்கம் சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தது. இன்று மாலைக்குள் கேட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், அதற்கு மேல் போகிறவர் பாடு என்று விமான நிறுவனம் கைகழுவிவிட்டது.

தைனான் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சின்னப் பயண அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எல்லோரும் பணத்தை வாங்கப் பறந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தம்பதிதான் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறது.

யிலிங் கணினித் திரையைப் பார்த்தாள். போவதற்கு இரண்டு டிக்கெட், திரும்பி வருவதற்கு மூன்று. மூன்றாவதும் அந்த அம்மாவின் பேரிலேயே இருந்தது. இவளுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவள் அவசரத்தில் தப்பாகத் தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"பையன் அங்கதான் இருக்காரா?"

"ஆமாம்மா. செங்யுவான். அங்க படகுத் துறையில வேல பாத்தான்," என்றார் லியாவ்.

"அப்ப ஏன் கவலப்படுறீங்க? நம்ம ஆளுங்களக் கூட்டிட்டு வர அரசாங்கமே தனி விமானம் அனுப்புது. அவரையும் ஏத்திட்டு வந்துடுவாங்க. நீங்க எதுக்கு நெருப்புல போய் விழணும்?"

அந்த அம்மா தலையை ஆட்டினாள். "அவங்க கூப்பிட்டா வரமாட்டான். நாங்க போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவான்."

"நல்ல பிள்ள," என்றார் வரிசையில் பின்னால் நின்ற தொப்பிக்காரர். "மகாராஜாவுக்கு வரவேற்பு வேணுமாம். பெத்தவங்க போய் வெத்தலபாக்கு வெச்சு அழைக்கணும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். யிலிங்குக்கும் உள்ளுக்குள் அதே எரிச்சல்தான். அந்த அம்மா நாற்காலியிலிருந்து எழவே மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சாம்பல் கொட்டுகிற ஊருக்கு இவளை வரவழைக்கிறவன் ஒரு மகனா?

"போன் போடுங்கம்மா, நான் பேசறேன். அப்பா அம்மா உயிர் பெருசா, உங்க வீம்பு பெருசான்னு நானே கேட்டுடறேன்."

"போன எடுக்க மாட்டான்," என்றாள் அம்மா. பிறகு, பக்கத்து வீட்டுக்காரியிடம் குறை சொல்வதுபோலச் சொன்னாள்: "ஆனா தெனம் கனவுல வர்றான்மா. ஈரச் சட்டையோட வாசல்லயே நிக்கிறான். உள்ள வாடான்னா, வழி தெரியலங்கிறான். சொந்த வீட்டுக்கு வழி தெரியலையாம்."

யாரும் சிரிக்கவில்லை. ஏசி யிலிங்கின் முதுகில் நேராக ஊதிக்கொண்டிருந்தது, தோளைக் குறுக்கிக்கொண்டாள். மகனை நினைத்து நினைத்து இந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது என்று பாவமாக இருந்தது.

"இங்க பாருங்க ஐயா," என்று லியாவின் பக்கம் திரும்பினாள். "மல வெடிச்சா மூணு பேரும் அங்கயே மாட்டிக்குவீங்க. இப்ப பணத்த வாங்கிக்குங்க. எல்லாம் அடங்கினதும் நானே முன்னால நின்னு வேற டிக்கெட் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் அவரு பொறுத்துக்க மாட்டாரா?"

லியாவ் மனைவியைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு சொல்றதும் நியாயந்தான். கேட்டுடறேன்," என்றார்.

சட்டைப் பையிலிருந்து இரண்டு நாணயங்களை எடுத்து உள்ளங்கைகளுக்குள் மூடிக்கொண்டார். கண்களும் மூடிக்கொண்டன. வரிசை தானாகப் பேச்சை நிறுத்தியது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இப்படி நாணயம் போட்டுக் கோயிலில் சாமியிடமும், வீட்டில் மறைந்த பெரியவர்களிடமும் உத்தரவு கேட்பது அந்த ஊரில் தினமும் நடப்பதுதான். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் சம்மதம். இரண்டும் ஒன்றுபோல விழுந்தால் மறுப்பு. பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் வீடு மாற்றவும் யிலிங்கே கேட்டிருக்கிறாள்.

லியாவின் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. "ரத்து பண்ணிடட்டுமா?" என்ற கடைசி வார்த்தைகள் மட்டும்தான் யிலிங்கின் காதில் விழுந்தன. சம்மதம் கிடைக்கட்டும் என்று அவளும் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

நாணயங்கள் மேசைமேல் விழுந்தன. இரண்டும் தலை.

மறுபடி போட்டார். இரண்டும் பூ. மூன்றாவது தடவை ஒன்று உருண்டு ஓடி, கண்ணாடித் தடுப்பில் மோதி, மெதுவாகச் சாய்ந்தது. அதுவும் மற்றதைப் போலவே கிடந்தது.

அந்த அம்மா கைப்பையின் மேல் கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள். லியாவ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் தயக்கம் போயிருந்தது.

"ரத்து வேணாம்மா. நாங்க போயிட்டு வந்துடறோம்."

அதற்கு மேல் மறுத்துப் பேச யிலிங்குக்கு மனம் வரவில்லை. சாமியே வேண்டாம் என்ற பிறகு இவள் யார் சொல்ல? டிக்கெட்டுகளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எந்தக் கோயில் சாமியக் கேட்டீங்க ஐயா?"

லியாவ் நாணயங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"சாமியக் கேக்கலம்மா. செங்யுவானத்தான் கேட்டேன்."