குழாயில் இறங்கும் மஞ்சள்

வாந்தி பேதியில் துவண்டுபோன என் பெண்டாட்டி மீனாம்பாள் ஆம்பூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிக் கிடக்கிறாள். கட்டிலோரம் தொங்கும் மூத்திரப் பை காலையிலிருந்து காலி. மூத்திரம் இறங்காவிட்டால் ஆள் தேறமாட்டாள் என்கிறார்கள். "கிட்னிய கெடுத்துட்டீங்களா?" என்று நர்ஸ் மெஹக்கிடம் பாய்கிறேன். "கிட்னி நல்லாத்தான் கீது தாத்தா. பிரஷர்தான் கம்மி. ரத்தம் நெட்டித் தள்ளுனாத்தான் அது வடிகட்டும்" என்கிறாள். நான் இவர்களை நம்புகிறவன் கிடையாது. ஆனால் நான் உழைத்த தோல் பதனிடும் ஷாப்பில், உருளை இறுக்கி அழுத்தாவிட்டால் ஈரத்தோல் சொட்டுத் தண்ணீர் விடாது. சலைன் இறங்க இறங்க மெஷினில் பிரஷர் ஏறுகிறது. மெஷின் பொய் சொல்லும். நான் மூத்திரக் குழாயையே பார்க்கிறேன். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுகிறது. மஞ்சளாய் ஓர் இழை மெல்ல நகர்ந்து, தயங்கி நின்று, பைக்குள் சொட்டுகிறது. இந்த நோஞ்சான் உடம்புக்குள் கைப்பிடி அளவு நெஞ்சு ஒன்று, எந்த மோட்டாரும் இல்லாமல் அத்தனையையும் தள்ளுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. மீனாம்பாள் கண் திறக்கிறாள். "இன்னாயா அப்டி பாக்கற?" "உன் மூத்திரத்ததாண்டி" என்கிறேன். "தள்ளு, இன்னும் தள்ளு."