நடுங்கும் மட்டையும் ஈயப் பட்டையும்

ஜெசிந்தா தன் டென்னிஸ் மட்டையின் கைப்பிடிக்குப் புது நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றச் சுற்ற முழங்கை விண்விண் என்று வலித்தது.

"இன்னிக்கும் இப்படி உதறினா உன்னைப் பரண்லதான் போடணும்," என்றாள். மட்டைக்குத் திக்கென்றது.

பந்து கெக்கலித்தது. "இறகாட்டம் இருக்கேன்னு பீத்திக்குவியே! நான் தொட்டாலே கிடுகிடுன்னு நடுங்குறே. அதெல்லாம் அவ கையிலதானே இறங்குது, பாவம்."

மட்டை அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. மட்டைக்குக் கனம் சேர்க்க ஒட்டும் ஈயப் பட்டை பைக்குள் சுருண்டு கிடந்தது. அதைக் கூப்பிட்டது.

"அக்கா, என் தலையில ஏறி ஒட்டிக்கோ. கனம் கூடினா நடுங்க மாட்டேன்."

"நான் கனமாச்சேடி. தாங்குவியா?"

"தாங்கித்தான் ஆகணும்."

பட்டை அவசரத்தில் ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டது. முதல் அடியிலேயே மட்டை கோணிக்கொண்டு திரும்ப, பந்து வேலியில் போய் விழுந்தது.

"ஒரே இடுப்புல ரெண்டு பிள்ளையைத் தூக்குனா சாயத்தானே செய்யும்!" என்று பந்து அங்கிருந்தே சிரித்தது.

ஜெசிந்தா மட்டையை முறைத்தாள்.

"அக்கா, ரெண்டா பிரிஞ்சு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியா உட்காரு. சீக்கிரம்!"

பட்டை அப்படியே பிரிந்து உட்கார, பந்து மறுபடி சீறி வந்தது. மட்டை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. 'தொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நடுக்கமே இல்லை. ஜெசிந்தா முழங்கையைத் தடவிப் பார்த்தாள். வலி தெரியவில்லை.

பந்து உருண்டு வந்து மெதுவாகக் கேட்டது. "ஏய், அவ்வளவு கனம் உனக்குப் பாரமா இல்லையா?"

"பாரந்தான். ஆனா சுமந்துகிட்டு நிக்கிறப்போ நான் நடுங்கலையே..."

"வாடி என் ராசாத்தி, அடுத்த ஆட்டம்!" என்று ஜெசிந்தா மட்டையைத் தட்டிக்கொடுத்துக் கூப்பிட்டாள்.