சட்டைப் பையில் மிட்டாய்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் மீசை கொத்தோடு உதிரட்டும். எனக்கு மீசை இல்லை என்பது வேறு விஷயம்.

"திருட்டு மனுஷன், டாக்டர்! நீங்களே பாருங்க!"

தையல்காரரின் மனைவி, புருஷனின் சட்டைப் பையைக் கவிழ்த்தாள். மேசையெல்லாம் மிட்டாய் உருண்டது. ஒரு பள்ளிக்கூடத்துக்கே பந்தி வைக்கலாம்.

தையல்காரர் கட்டிலில் வெளிறிக் கிடந்தார். காலையில் தையல் மிஷின் மேலேயே சரிந்துவிட்டார்.

"இவர் அண்ணனுக்குச் சர்க்கரையில கால் போச்சு. இவருக்கும் போயிடுமோன்னு நான் பொட்டுக்கூடத் தூங்கறதில்ல. இவர் என்னடான்னா ஒளிச்சு வச்சுத் தின்னுறாரு!"

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "இவர் மயங்கினது சர்க்கரை ஏறி இல்லம்மா. கிடுகிடுன்னு இறங்கி."

"இத்தனை மிட்டாய் தின்னவருக்கா?"

"ரத்தத்துல சர்க்கரை ஏறினா கணையத்துக்குச் சேதி போகும். அங்க இருக்கற செல்கள் இன்சுலினைத் திறந்துவிடும். இறங்கினா மூடிக்கும். ஆனா இவர் போடற சர்க்கரை மாத்திரை ஏத்தம் இறக்கம் பாக்காது. 'திற'ன்னு மட்டும்தான் சொல்லும். கூடுதலாப் போட்டா மடை உடைஞ்ச மாதிரி கொட்டும். வேர்க்கும், கை நடுங்கும், உயிரே போயிடலாம். தினம் ஒண்ணுதானே போடறாரு?"

முதல் மிட்டாயைப் பிடித்த அன்றே, புருஷனின் காபியில் இன்னொரு மாத்திரையைப் பொடித்துக் கலந்தவள் மனைவிதான். மிட்டாய் கூடக்கூட மாத்திரையும் கூடியது. வாயைத் திறந்தாள். அதற்குள் புருஷன் முந்திக்கொண்டார்.

"தப்பு என்னோடது, டாக்டர்," என்றார் தையல்காரர் ஈனக்குரலில். "மிட்டாய் தின்ன பயத்துல மாத்திரையை அள்ளிப் போட்டுட்டேன்."

டாக்டரம்மா விளாசித் தள்ளிவிட்டுப் போனார். மனுஷன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"ஏங்க... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"டம்ளர் அடியில வெள்ளையா மண்டி நிக்குமே. கடைசிச் சொட்டு வரைக்கும் நீ பாத்துக்கிட்டே நிப்ப. எங்க கொட்டறது?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல!"

"நீயே பயந்து செத்துக்கிட்டிருந்த. கேட்டா உடைஞ்சு போயிடுவ. முதல் மிட்டாய்தான் நாக்குக்குத் தின்னேன். மத்ததெல்லாம் உன் காபிக்கு!"

யார் சொன்னது என்று அவர் கேட்டால் என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். என் சட்டை, ஒரு கை தைக்காமல், இன்னும் அவரிடம்தான் கிடக்கிறது.