வேண்டாம் என்ற பல் டாக்டர்

"போச்சு! பல் டாக்டர் இன்னிக்கும் வேண்டாம்னுட்டாரு!"

ஜாரெக் கத்தியதும், கேக் வெட்டக் கத்தியை எடுத்த மார்கோ அதை அப்படியே கீழே வைத்தாள்.

வினிபெக் நகர நூலகத்தில் ஒரு சின்ன அறை. ஓய்வு நேரத்தில் ஆளாளுக்குக் கொஞ்சம் எழுதி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கிற கம்ப்யூட்டர் இயங்குதளம் அவர்களுடையது. புதுப் பதிப்பு இன்று வெளியாக வேண்டும். ஆனால், சோதித்துப் பார்க்கிறவர்களில் ஒரே ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் வெளியிடக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம்.

ஒவ்வொரு முறையும் அந்த ஒருவர், பல் டாக்டர் லோர்ன்தான்.

மூலையில் பழுப்பேறிப்போன ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரை கறுப்பாகக் கிடந்தது.

"டாக்டர், எங்க மெஷின் எல்லாத்துலயும் ஓடுது. உங்க மியூசியம் மெஷின்ல மட்டும்தான் படுத்துக்குது," என்றாள் மார்கோ.

"ஆமா, படுத்துடுச்சு."

"பல்லைப் பிடுங்கறது பத்தாதுன்னு எங்க பிராணனையும் பிடுங்கறீங்களே!" என்றான் ஜாரெக்.

டாக்டர் சிரித்தார். அதுதான் மார்கோவுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"சொல்லிடறேன் டாக்டர். இந்தப் பதிப்போட பழைய மெஷினுக்கெல்லாம் முழுக்குப் போடப்போறோம். நீங்களும் ஒரு புதுசு வாங்கிக்குங்க."

"எங்கிட்ட புதுசு இருக்கேம்மா."

"அப்புறம் இது எதுக்கு?"

"இந்த மாடலைத் தேடித்தான் வாங்கினேன்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருஷா வருஷம் வடக்கே ஒரு ஊருக்குப் பிள்ளைங்க பல்லைப் பார்க்கப் போவேன். பள்ளிக்கூடத்துல எல்லாமே இதே மெஷின். யாரோ தானமாக் கொடுத்தது. ஓடறது நம்ம சிஸ்டம்தான். நாம இன்னிக்கு வெளியிட்டா, இன்டர்நெட் வழியா தானாவே அங்க போய் ஏறிக்கும்."

"ஏறினா..."

"இதோ, இப்படித்தான். எல்லாமே கறுப்பு."

"யாராவது போய் சரி பண்ணலாமே?" என்றான் ஜாரெக். அவன் குரல் இறங்கியிருந்தது.

"உறைஞ்ச ஏரி மேல போற பனி ரோடு உருகிடுச்சுப்பா. சின்ன பிளேன்தான் போகும், அதுல மாவும் மருந்தும் ஏத்தவே இடம் போதாது. இனிமே ஏரி உறைஞ்சாத்தான் லாரி."

மார்கோ அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏரிகளுக்கு நடுவே எங்கோ ஒரு வகுப்பறை. இதே நிமிஷம் அங்கே வரிசையாக வெளிச்சமாய் எரிகிற திரைகள்.

ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து ஓட்டுங்க டாக்டர். எங்க விழுதுன்னு பார்ப்போம்."

விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டாள்: "நீங்க இப்படி உட்கார்ந்து மல்லுக்கட்டறது அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர். "அவங்களைப் பொறுத்தவரைக்கும், நம்ம சிஸ்டம் ஒரு தடவைகூட கெட்டுப்போனதே இல்லையே!"