மாறியிருந்த சவுண்ட் பாக்ஸ்

"இவர் கையில திருப்புளியோட நின்னதை வாட்ச்மேன் பார்த்திருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

காப்பாட்சியர் கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் அந்த அருங்காட்சியகத்தில் எல்லாரும் பயப்படுவார்கள்.

எதிரே தலை குனிந்து நின்றவர், இருபத்தாறு வருஷமாக அங்கே தூசி துடைக்கிறவர். 'தூசி அண்ணன்' என்றால்தான் ஆளைத் தெரியும்.

நடுவில் மேஜைமேல் அந்தக் கிராமபோன். பக்கத்தில், பழைய கிராமபோனுக்கு வயசு சொல்கிற அம்மா. அசல் கிராமபோன்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். இதையும் அதில் சேர்க்கச் சொல்லி, காப்பாட்சியர் மாசக்கணக்காகக் கடிதம் போட்டு வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தார். வந்து இறங்கிய நேரத்தில் இந்தக் கூத்து.

"பதிவேட்டுல ஒட்டியிருக்கிற படத்தைப் பாருங்கம்மா. முள்ளைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுற சவுண்ட் பாக்ஸ், எப்படிப் பளபளன்னு இருக்கு. இப்போ அந்த இடத்துல மங்கிப்போன எதையோ மாட்டி வச்சிருக்கார். நல்லதைக் கழற்றியாச்சு."

"நீங்களா மாத்தினீங்க?" அம்மா கேட்டார்.

"நான்தாம்மா. நேத்து."

"ஏன்?"

தூசி அண்ணன் மேஜை ஓரத்தில் இல்லாத தூசியை விரலால் துடைத்தார்.

"பதில் வராதும்மா. கூடவே இருந்து குழி பறிச்சவருக்கு வாய் எங்கேயிருந்து வரும்?" காப்பாட்சியர் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். "போலீஸுக்குப் புகார் எழுதி வச்சுட்டேன். களவு போனது என்னன்னு நீங்க ஒரு வரி சொன்னா, அனுப்பிடுவேன்."

தூசி அண்ணனின் கை வெறும் இடுப்பைத் தடவியது. நேற்றுவரை அந்தக் கட்டிடத்தின் சாவிக்கொத்தே அவர் இடுப்பில்தான் இருந்தது.

"பத்து நிமிஷம் கொடுங்க," என்றார் அம்மா.

எல்லாரும் ஆவென்று பார்க்கிற அந்தப் பெரிய குழலை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"குழலைப் பார்த்து வயசு சொல்றது, விக் வச்ச தலையைப் பார்த்து வயசு சொல்ற மாதிரி," என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பதமாகச் சாய்த்தார். அடிப்பலகையைக் கழற்றினார். மோட்டாருக்குள் டார்ச் அடித்தார். ஸ்பிரிங் எத்தனை என்று எண்ணினார். ஒவ்வொரு திருகாணியின் தலையையும் விரலால் தடவினார்.

"பெட்டி, மோட்டார், தட்டு, சவுண்ட் பாக்ஸைத் தாங்குற கை. நாலும் ஒரே காலத்துது. நூத்துப் பத்து வயசு ஆகுது."

கடைசியாக, சவுண்ட் பாக்ஸுக்கு வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி சவுண்ட் பாக்ஸைப் பார்த்தார். அப்புறம் தூசி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார்.

"எதுவும் களவு போகலை."

"அப்போ இவர் மாத்தினது?"

"சரியானதைத்தான் மாட்டியிருக்கார். ஆனா, இந்தப் படத்துல இருக்கிறது..."

காப்பாட்சியரின் முதுகுக்குப் பின்னால் தூசி அண்ணன் இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அம்மா பேச்சை மடக்கினார். "படம் சரியில்லை. புதுசா ஒண்ணு எடுத்து ஒட்டிடுங்க. இப்போ மேஜைமேல இருக்கிறது அத்தனையும் அசல். அப்படித்தான் புத்தகத்துல எழுதப்போறேன்."

அசல் என்ற சொல் காதில் விழுந்ததும் காப்பாட்சியருக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

"நான் அன்னிக்கே எழுதினேனேம்மா. பதிவேட்டைப் பாருங்க, 'எல்லா பாகமும் அசல்', கீழே என் கையெழுத்து. பதினெட்டு வருஷம் ஆச்சு." புகாரை நாலாகக் கிழித்தார். "அண்ணே, இனிமே கேட்காம எதையும் தொடாதீங்க. வயசாச்சே தவிர..." என்று சொல்லிக்கொண்டே, படம் எடுக்க ஆளைக் கூப்பிடப் போனார்.

அறையில் இரண்டு பேர்தான்.

"படத்துல இருக்கிறது அலுமினியத் தகடு வச்ச சவுண்ட் பாக்ஸ். இந்தக் கிராமபோனைவிட இருபது வருஷம் இளையது," என்றார் அம்மா. "நீங்க மாட்டினது மைக்காத் தகடு வச்சது. அதே காலம், அதே அளவு. இது கிடைக்காம நான் ஊர் ஊரா அலைஞ்சிருக்கேன். உங்களுக்கு எங்கே கிடைச்சது?"

"எங்க அப்பா வச்சிருந்த கிராமபோன் வீட்டுல இருக்குதும்மா. அதுல இருந்து கழற்றினேன். இங்கேயிருந்து எடுத்தது எங்கேயும் போகலை. அந்த பீரோவுல, கீழ்த்தட்டுல, துணியில சுத்தி வச்சிருக்கேன்."

"அப்போ உங்க வீட்டுக் கிராமபோன்?"

"ஊமை ஆயிடுச்சு. வீட்டுக்காரிக்கு இனிமே நிம்மதி."

அம்மா சிரித்துவிட்டார். "அந்தப் பளபளப்பானது இந்தக் கிராமபோனோடது இல்லைன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"தினம் துடைக்கிற கைக்குத் தெரியாதாம்மா? மத்த பாகமெல்லாம் ஒரு தாய் பிள்ளைங்க மாதிரி இருக்கும். அது மட்டும் விருந்துக்கு வந்த ஆள் மாதிரி ஒட்டாம உட்கார்ந்திருந்துச்சு."

"இவ்வளவு தெரிஞ்சவர், அவர்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே. திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு நின்னீங்க. நான் சொல்ல வந்ததையும் தடுத்துட்டீங்க."

தூசி அண்ணன் துணியை எடுத்து, அம்மாவின் விரல் பட்ட இடங்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஐயா அடுத்த வாரம் ரிடயர் ஆகிறாரும்மா. நீங்க வர்றீங்கன்னு ஒரு மாசமா சந்தோஷத்துல தரையிலயே நடக்கலை. உங்க கண்ணுக்கு அது தப்பாதுன்னு எனக்குத் தெரியும். பதிவேட்டுல எழுதினதை மாத்தினா அவருக்குத் தலைகுனிவு. பாகத்தை மாத்தினா கெட்ட பேர் எனக்கு மட்டும்தானே."